பத்து லட்சத்துக்குப் பதினைந்து புள்ளி ஆறு

காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் மேல விண்ணம்பாளையத்தின் ஆயிரத்து இருநூறு வீடுகளிலும் ஒரே காரியம்தான் நடக்கும். எல்லோரும் தூக்கத்தொட்டியிலிருந்து எழுந்து, முதுகில் ஒட்டியிருக்கும் கூழைத் துடைத்துவிட்டு, சுவர்க்குழாயில் ஒரு டம்ளர் காப்பி பிடித்துக்கொண்டு, பின்சுவரில் தாழ்வாகப் பதித்த சன்னலருகே போய்க் குனிந்து பார்ப்பார்கள். அது கப்பலின் பின்பக்கத்தைப் பார்த்த சன்னல். முன்பக்கம் பார்க்க ஒரு சன்னல் வைக்கலாம் என்று அந்த விண்கப்பலைக் கட்டியவர்களுக்குத் தோன்றவே இல்லை. போகிற இடம் போய்ச் சேர்ந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது. பின்னால் வருகிற பங்காளி எப்படி இருக்கிறான் என்பதைத் தினமும் பார்த்தாக வேண்டாமா?

பங்காளி ஒரு நீலப் புள்ளியாக வந்துகொண்டிருந்தான். அவன் கப்பலின் பெயர் கீழ விண்ணம்பாளையம். விண்வெளியில் மேல் ஏது, கீழ் ஏது என்று யாராவது கேட்டால் இரண்டு கப்பலிலும் அடி விழும். இங்கே ஒரு வார்த்தை பேசினால் வானொலி அலையாக அது அங்கே போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகும். இந்தக் கப்பல் இன்று கடக்கிற இடத்துக்கு அந்தக் கப்பல் வந்து சேர இருபத்தொரு நாள் ஆகும். புள்ளி நேற்றைவிடப் பிரகாசமாக இருந்தால் அன்று காப்பி கசக்கும். மங்கலாக இருந்தால், "அய்யோ பாவம், உலையில என்ன கோளாறோ" என்று உச்சுக்கொட்டிவிட்டு இன்னொரு டம்ளர் பிடிப்பார்கள்.

ஆறு தலைமுறைக்கு முன் பூமியில் திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி வைத்திருந்த அண்ணன் தம்பி இருவரின் வம்சம்தான் இந்த இரண்டு கப்பலும். பூமியில் தோண்டத் தோண்டத் தூசி மட்டுமே வர ஆரம்பித்த பிறகு, வானத்தில் தோண்டுவோம் என்று கிளம்பினார்கள். ஒரு கப்பலே போதுமானதாக இருந்தது. ஆனால் யார் முன் இருக்கையில் உட்காருவது என்று பேச்சு வந்தது. அதனால் இரண்டாகக் கட்டினார்கள்.

வானத்தில் தோண்ட என்ன இருக்கிறது? நட்சத்திரங்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லை என்று நாம் நினைக்கிற இடத்தில் மிக மெல்லிய வாயு படர்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஹைட்ரஜன். அந்த அணுவின் கருவில் ஒரு புரோட்டான் மட்டும் இருக்கும். அதோடு ஒரு நியூட்ரானும் சேர்ந்துகொண்டால் எடை இரண்டு மடங்காகும். அதன் பெயர் டியூட்டிரியம். விண்ணம்பாளையத்தார் வாயில் அது கனவாயு. உலை எரிவதும் விளக்கு எரிவதும் இட்லி வேகுவதும் கனவாயுவால்தான். காந்தவலையை ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்கு விரித்து வாயுவை அள்ளி, பத்து லட்சம் ஹைட்ரஜனில் ஒளிந்திருக்கும் பத்துப் பதினைந்து கனவாயு அணுக்களைப் பிரித்தெடுப்பதுதான் இரண்டு கப்பலுக்கும் பிழைப்பு.

இப்போது பிழைப்புக்கு ஒரு சோதனை வந்திருந்தது. தொட்டியில் ஒன்பது வருடத்துக்கான கனவாயுதான் மீதி. முன்னால் இரண்டு வாயு மேகங்கள் இருந்தன, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒவ்வொன்றும் ஒரு கப்பலுக்கு ஆயிரம் வருடம் தாங்கும். முன்னால் போகிறவர் ஒன்றை எடுத்துக்கொள்வார், பின்னால் வருகிறவர் மற்றதை எடுத்துக்கொள்வார் என்பது இரண்டு கப்பலுக்கும் தெரிந்த, எழுதி வைக்காத ஏற்பாடு. கப்பலை ஒரே ஒரு முறைதான் திருப்ப முடியும். அதையும் பதினைந்து நாளுக்குள் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் இரண்டு மேகத்துக்கும் நடுவே நேராகப் போக வேண்டியதுதான். அங்கே இருநூறு வருடத் தொலைவுக்கு அள்ள ஒன்றும் கிடையாது.

எந்த மேகத்தில் கனவாயு எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல வேண்டியவள் வஞ்சிக்கொடி. முப்பத்தாறு வயது, கப்பலின் நிறமாலை அளவர். வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள், ஒரு எண் சரியாக வந்துவிட்டால் தனியாக உட்கார்ந்து சிரிப்பாள். கப்பலின் மூக்கில் காற்றே இல்லாத கூண்டுக்குள் பொருத்திய தொலைநோக்கி அவள் பொறுப்பு. அதற்கு ஊதாக்கண் என்று பெயர். நம் கண்ணுக்குத் தெரியாத புறவூதா ஒளியை மட்டும் பார்ப்பது அதன் வேலை. காற்று அந்த ஒளியை விழுங்கிவிடும். கண்ணாடியில் விரல் ரேகை பட்டாலும் விழுங்கிவிடும்.

அளக்கும் முறையில் மந்திரம் ஒன்றும் இல்லை. மேகத்துக்குப் பின்னால் பிரகாசமாக எரியும் ஒரு நட்சத்திரத்தை விளக்காக வைத்துக்கொள்ள வேண்டும். அதன் ஒளி மேகத்தின் வழியே வரும்போது, ஹைட்ரஜன் தனக்குப் பிடித்த புறவூதா நிறத்தை மட்டும் தின்றுவிடும். ஒளியைப் பிரித்து விரித்துப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு அகலமான கரும்பள்ளம் தெரியும். அதை ஒட்டி, அலைநீளம் ஒரு துளி குறைந்த பக்கத்தில், நகக்கீறல் போல ஒரு சின்னக் கோடு இருக்கும். அது கனவாயு தின்ற இடம். பள்ளத்தையும் கீறலையும் ஒப்பிட்டால் பத்து லட்சத்துக்கு எத்தனை என்று சொல்லிவிடலாம்.

முதல் நாள் வஞ்சிக்கொடி இடமேகத்தை அளந்தாள். பத்து லட்சத்துக்குப் பதினைந்து புள்ளி ஆறு. பிழை எல்லை, கூடவோ குறையவோ புள்ளி இரண்டு. மறுநாள் வலமேகத்தை அளந்தாள். பதினைந்து புள்ளி ஆறு. நம்பாமல் வேறு நட்சத்திரங்களை விளக்காக வைத்து மீண்டும் அளந்தாள். பதினைந்து புள்ளி ஆறு, பதினைந்து புள்ளி ஆறு. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிரபஞ்சம் பிறந்த முதல் சில நிமிடங்களில் உண்டான பொருள் இது. நட்சத்திரங்கள் இதை எரிக்கத் தெரிந்தவை, ஆக்கத் தெரியாதவை. அத்தனை கோடி வருடம் எரிந்தது போக மிச்சமிருப்பதை, பந்தியில் ஒரே கரண்டியால் பரிமாறிய மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவாக வைத்திருக்கிறது வானம். எடை இல்லாத அந்தக் கூண்டில் அவள் சந்தோஷத்தில் இரண்டு குட்டிக்கரணம் அடித்தாள். பிறகு வெளியே வந்து வெளியுடையைக் கழற்றி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சபைக்குப் போனாள்.

சபைத்தலைவர் அர்த்தநாரிக்கு அறுபது வயது. நல்ல மனிதர், பேரப்பிள்ளைகளிடம் தோற்றுப்போகத் தெரிந்தவர். பங்காளியிடம் மட்டும் தோற்கத் தெரியாது. மண்டபம் நிறையக் கூட்டம்.

"சொல்லு அம்மிணி. எது எச்சு?" என்றார். எச்சு என்றால் அதிகம்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க மாமா."

"ஒண்ணுன்னா?"

"சமமுங்க. எந்தப் பக்கம் போனாலும் நமக்குப் பதினஞ்சு புள்ளி ஆறு. ஆயிரம் வருசத்துக்குக் கவலையில்லை!"

கைதட்டலை எதிர்பார்த்து அவள் கொஞ்சம் இடைவெளி விட்டாள். மண்டபத்தில் இழவு விழுந்த அமைதி.

"அப்ப அவனுகளுக்கு?" என்றார் அர்த்தநாரி மெதுவாக.

"அவுங்களுக்கும் அதேதானுங்க."

"நாம இருவத்தொரு நாள் முன்னால வந்துருக்கறோம். முன்னால வந்தவனுக்கும் பதினஞ்சு புள்ளி ஆறு, பின்னால ஆடி அசைஞ்சு வர்றவனுக்கும் பதினஞ்சு புள்ளி ஆறா?"

மூன்றாம் வளையத்துத் தங்கமணி எழுந்தாள். கப்பலில் எந்தக் கூட்டமானாலும் அவள் எழாமல் முடிவதில்லை. "ஏம்மிணி, அதெப்படி ரெண்டு சமமா இருக்கும்? எங்கூட்டு ரெட்டைப் புள்ளைகளே சமமில்லை. ஒருத்தன் காலாண்டுப் பரிச்சையில ரெண்டு மார்க் எச்சு. நீ நல்லா உத்துப் பாத்தியா?"

"பதினோரு தடவை பாத்துட்டனுங்க அக்கா."

"பன்னெண்டாவது தடவை பாரு."

இதில் சிக்கல் என்ன என்றால், தீர்மானத்தில் யாராவது கையெழுத்துப் போட வேண்டும். வலம் என்று போட்டுவிட்டு, நாளைக்கு இடப்பக்கம் ஒரு புள்ளி எச்சு என்று தெரிந்தால்? அது பங்காளிக்கு அல்லவா போய்ச் சேரும்? கையெழுத்துப் போட்டவனின் பேரன் பேத்திகூடச் சந்தையில் தலைகாட்ட முடியாது. அதனால் சபை உறுப்பினர் பதினேழு பேரும் பேனாவை அடுத்தவரிடம் தள்ளினார்கள். பேனா மூன்று சுற்று சுற்றி அர்த்தநாரியிடமே வந்து சேர்ந்தது. புள்ளிக்குப் பிறகு இன்னும் நான்கு இலக்கம் அளந்து வரும்படி தீர்மானம் போட்டார்கள்.

வஞ்சிக்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். அவ்வளவு நுணுக்கமாக எந்தக் கருவியும் பார்க்காது என்றாள். பார்த்தாலும் அந்த வித்தியாசத்தால் ஒரு இட்லிகூடக் கூடவோ குறையவோ வேகாது என்றாள். சீட்டுக் குலுக்கிப் போட்டாலே போதும் என்றாள். அந்த யோசனை சபைக்குறிப்பில்கூட ஏறவில்லை. கப்பலை மெதுவாக்கிப் பங்காளியை முன்னே போகவிட்டு, அவன் எதை எடுக்கிறான் என்று பார்க்கலாம் என்றார் ஒருவர். அருமையான யோசனைதான். கப்பலுக்குத் தடைக்கருவி மட்டும் இல்லை.

பத்து நாள் போயிற்று. பன்னிரண்டு போயிற்று. பதினான்காம் நாள் வஞ்சிக்கொடிக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. நாலாயிரம் பேர் தங்களுக்கும் அண்டை வீட்டானுக்கும் ஒரே அளவு கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்பது வருடத்தில் குளிரில் விறைத்துச் சாகப்போகிறார்கள். அவள் தானியங்கி நிரலில் இரண்டு மேகத்தையும் மறுபடி அளக்கச் சொல்லிவிட்டு, வேறு வழி தெரியாமல் போய்ப் படுத்தாள்.

பதினைந்தாம் நாள் ஆயுத பூசை.

விண்ணம்பாளையத்தில் அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. கருவியால் பிழைக்கிற ஊர் அது. உலைக்கு மாலை, வால்வுகளுக்குப் பொட்டு, கணினிக்குப் பொரிகடலை. அன்றைக்கு எந்திரன்கள்கூட நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வரும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் வீதிப்பலகைகள் எல்லாம் மணியடித்தன. அளவு வந்த நொடியே ஊருக்குத் தெரிய வேண்டும் என்பது சட்டம். பலகையில் இப்படி எழுதியிருந்தது: இடமேகம் 14, பிழை எல்லை கூட்டல் கழித்தல் 5. வலமேகம் 19, பிழை எல்லை கூட்டல் கழித்தல் 5.

கப்பலே குலுங்கியது.

"பத்தொம்பது!" என்று தங்கமணி இலையைத் தாண்டிக் குதித்தாள். "நான் அப்பவே சொன்னனே, வலப்பக்கம்தான் எச்சுன்னு!" அவள் எப்போதும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் அன்று மாலைக்குள் நாலாயிரம் பேரும் அப்பவே சொன்னவர்களாக ஆகிவிட்டார்கள்.

கூட்டல் கழித்தல் ஐந்து என்றால் என்ன என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் மட்டும் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் விளக்கினார்: "அஞ்சைக் கூட்டுனா இருவத்திநாலுங்க வாத்தியாரே!" கழிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

வஞ்சிக்கொடி பலகையைப் பார்த்ததும் இலையை மூடிவிட்டு எழுந்து ஓடினாள். பிழை எல்லை புள்ளி இரண்டிலிருந்து ஐந்துக்கு எகிறியிருக்கிறது. ஊதாக்கண் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை, குருடன் கைநீட்டின மாதிரி ஏதோ ஒரு எண்ணைத் தடவி எடுத்திருக்கிறது என்று அர்த்தம். வெளியுடை போட்டுக்கொண்டு கூண்டுக்குள் நுழைந்தாள். கண்ணாடியின் நட்டநடுவே, உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். சுற்றிலும் முழுக் கண்ணாடியிலும் சந்தன எண்ணெய் மினுமினுவென்று படர்ந்திருந்தது.

பக்கத்தில், கூண்டைப் பராமரிக்கும் எந்திரன் தூசன் கைகட்டி நின்றது. அதன் நெற்றியிலும் ஒரு பொட்டு.

"தூசா, என்னடா பண்ணி வெச்சிருக்கற?"

"பூசைங்க அம்மிணி," என்றது தூசன், வெளியுடை வானொலியில். "கருவி எல்லாத்துக்கும் எண்ணெய் போட்டுத் துடைச்சு, சந்தனம் வெச்சு, குங்குமம் வெக்கோணும்னு நிரலில இருக்குதுங்க. போன வருசம் ஒரு கருவியை விட்டுட்டேன்னு சபையில எனக்குக் கரும்புள்ளி குத்தினாங்க. இந்த வருசம் ஒரு ஸ்பேனரைக்கூட விடலீங்க."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வந்த ஒளியில் பத்தில் ஒன்பது பங்கை எண்ணெய் குடித்துவிட்டது. மிச்சமிருந்த மங்கலில் கீறலை எங்கே தேடுவது? பதினான்கும் பத்தொன்பதும் ஒரே பதினைந்து புள்ளி ஆறின் தடுமாற்றம்தான்.

கெடு முடிய ஆறு மணி நேரம் இருந்தது. சபையில் பதினேழு பேரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பேசாமல் இருந்தால் கப்பல் திரும்பிவிடும், எல்லோரும் பிழைத்துவிடுவார்கள். போய் உண்மையைச் சொன்னால் பேனா மறுபடி சுற்றத் தொடங்கும். வஞ்சிக்கொடி கூண்டிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அளவராக இருந்த இந்தப் பதினைந்து வருடத்தில் அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. கேட்பவர் முகம் வாடும் என்று தெரிந்தும் சொல்லியிருக்கிறாள். இப்போது நாலாயிரம் உயிர் ஒரு பக்கம் இருந்தது. கடைசியில், பொய்யான எண்ணை நம்பித் திரும்புகிறவர்கள் நாளைக்கு உண்மை தெரிந்தால் எதையுமே நம்ப மாட்டார்கள் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினாள்.

"நிறுத்துங்க மாமா! அந்த நம்பர் செல்லாதுங்க. தூசன் கண்ணாடிக்குச் சந்தனம் பூசிட்டான். அதனாலதான் பத்தொம்பது காட்டுது. முந்தி சுத்தமா இருந்தப்ப ரெண்டும் பதினஞ்சு புள்ளி ஆறுதானுங்க!"

அர்த்தநாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன சொன்ன? இன்னொருக்காச் சொல்லு."

"சந்தனம் பூசறதுக்கு முன்னால பதினஞ்சு புள்ளி ஆறு. பூசினதுக்கப்புறம் பத்தொம்பதுங்க."

"பூசறதுக்கு முன்னால பதினஞ்சு," என்றார் அவர், ஒவ்வொரு சொல்லாக. "பூசை போட்டதுக்கப்புறம் பத்தொம்பது." அவர் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருசமா அந்தக் கண்ணாடிக்கு மட்டும் ஒரு பொட்டுகூட வெக்காம விட்டுட்டமே! அதான் கொறைச்சுக் காட்டியிருக்குது!"

"அய்யோ, அப்படி இல்லீங்க மாமா..."

அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. தங்கமணி குலவையிட்டாள். ஒருவர் தூசனைத் தூக்கிக்கொண்டு வந்து நடு மண்டபத்தில் நிறுத்தி மாலை போட்டார். பதினேழாவது கையெழுத்தும் விழுந்தது. அன்று மாலை நாலரை மணிக்குத் திருப்பு உலை பற்றி எரிய, மேல விண்ணம்பாளையம் வலமேகத்தை நோக்கித் திரும்பியது. வஞ்சிக்கொடி ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிழைத்தோம் என்ற நிம்மதியில் கண்ணீர் வரும்வரை சிரித்தாள். உண்மையைச் சொன்னதற்காக அவளை யாரும் திட்டவில்லை, நம்பவும் இல்லை.

கண்ணாடியைச் சுத்தம் செய்ய எட்டு நாள் பிடித்தது. ஒன்பதாம் நாள் இரண்டு மேகத்தையும் அளந்து, சட்டப்படி பலகைக்கு அனுப்பினாள். இடம் 15.6, வலம் 15.6. அனுப்பிவிட்டு, அடிக்க வருவார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு தட்டப்பட்டது. திறந்தால் அர்த்தநாரி, கையில் ஒரு தூக்கு நிறைய அதிரசத்தோடு நின்றார். பின்னால் தங்கமணி.

"பொழைக்கத் தெரிஞ்ச புள்ளை," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "பத்தொம்பதுன்னே பலகையில கெடந்தா என்னைக்காச்சும் பங்காளி காதுக்கும் போயிரும். அவனுக முச்சந்திக்கு வர இன்னும் பன்னெண்டு நாள் இருக்குது. பதினஞ்சரைன்னு அடக்கி வாசிச்ச பாரு! எனக்கே தோணலை அம்மிணி."

"மாமா, அடக்கியெல்லாம் வாசிக்கலீங்க. நெசமாவே பதினஞ்சு புள்ளி ஆறுதானுங்க."

"ஆமா, ஆமா," என்று அவர் கண்ணைச் சிமிட்டினார். "ஊட்டுக்குள்ளயும் அப்படியே சொல்லு. சுவத்துக்கும் காது இருக்கும்."

"இன்னுங் கொஞ்சம் கொறைச்சே போட்டிருக்கலாம்," என்றாள் தங்கமணி. "தொழில் எப்படின்னு கேட்டா, ஏதோ ஓடுதுன்னுதான சொல்லோணும்?"

அன்றே பங்காளி கப்பலிலிருந்து அவர்களின் தலைவர் வையாபுரியின் செய்தி வந்தது. எல்லாரும் சௌக்கியமா, வலப்பக்கம் எப்படி இருக்கிறது என்று விசாரித்திருந்தார். அர்த்தநாரி ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். படம் போகாது, குரல் மட்டும்தான் போகும். இருந்தாலும் வைத்துக்கொண்டார். "ஏதோ இருக்குதுங்க தம்பி. பத்து, பதினொண்ணு தேறும். தெரியாம வந்து மாட்டிக்கிட்டோம். நீங்க இடப்பக்கமே போயிருங்க."

இந்தப் பேச்சைக் கேட்டால் பங்காளி என்ன நினைப்பார் என்று வஞ்சிக்கொடிக்குத் தெரியும். அவர்களும் இதே ஊர்க்காரர்கள்தானே. பத்து என்று இவர் சொன்னால், இருபத்தைந்து என்று அவர் கேட்டுக்கொள்வார். இரண்டு கப்பலும் ஒரே மேகத்தில் வந்து விழுந்தால் ஆயிரம் வருடம் ஐந்நூறாகிவிடும். அர்த்தநாரி போன பிறகு அவளே ஒலிவாங்கியை எடுத்தாள்.

"வணக்கமுங்க. நான் மேல விண்ணம்பாளையத்து அளவர் பேசறனுங்க. ரெண்டு மேகத்துலயும் பதினஞ்சு புள்ளி ஆறு. ஒரு பொட்டு எச்சுக் கொறவு கெடையாதுங்க. இடமேகம் முழுசும் உங்களுக்குத்தான், ஆயிரம் வருசத்துக்கு வரும். தயவு பண்ணி அங்கயே போங்க. இது சத்தியமுங்க."

போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். பத்தாவது மணி தாண்டி வையாபுரியின் குரல் வந்தது. பெரிய மனிதத்தனமான, மரியாதையான குரல்.

"வணக்கமுங்க அம்மிணி. நீங்க சொன்னதை அப்படியே நம்பறனுங்க. எங்க அளவரும் இதையேதான் சொல்றாரு. ரெண்டு பக்கமும் பதினஞ்சு புள்ளி ஆறாம். நல்லாப் படிச்சவரு, தப்பாச் சொல்ல மாட்டாரு. ஆனா ஒண்ணே ஒண்ணு எனக்கு வெளங்கலைங்க. ரெண்டும் ஒண்ணுன்னா, நீங்க ஏனுங்க வலப்பக்கம் போனீங்க?"

வஞ்சிக்கொடி பதில் சொல்ல வாயெடுத்தாள். கண்ணாடிக்குச் சந்தனம் பூசியதால் என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரிந்திருந்தது. ஒலிவாங்கியை அணைத்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கீழ விண்ணம்பாளையத்தின் திருப்பு உலை பற்றி எரிவது பின்பக்கச் சன்னலில் பளிச்சென்று தெரிந்தது. இடப்பக்கம் போக வேண்டிய சுடர் வலப்பக்கம் சாய்ந்து, இவர்கள் வந்த தடத்திலேயே வந்து நின்றது. செய்தி பரவி, அர்த்தநாரி வெளியுடையின் ஒரு கையை மாட்டியும் மாட்டாமலும் கூண்டின் வாசலறைக்கு ஓடி வந்தார். கோபத்தில் கத்துவார் என்று வஞ்சிக்கொடி நினைத்தாள். அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"வர்றான் பாத்தியா, அடிச்சுப் புடிச்சு! நம்ம பக்கம் பத்தொம்பதுதான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சின்னச் சந்தேகம் இருந்துச்சு அம்மிணி, இன்னைக்குப் போயிருச்சு. நம்முது எச்சு இல்லாட்டி பங்காளி எதுக்கு இங்க வர்றான்?"

"மாமா, இடமேகம் ஆளில்லாம அப்படியே கெடக்குதுங்க. இனி ஆயிரம் வருசம் வராதுங்க நமக்கு. ரெண்டு கப்பல் சேர்ந்து அள்ளினா ஐந்நூறுதான் வரும்."

அர்த்தநாரி ஒரு நிமிடம் யோசித்தார். விரல் விட்டுக்கூட எண்ணிப் பார்த்தார்.

"அவனுக்கும் ஐந்நூறுதான?" என்றார்.

"ஆமாங்க."

"அப்பறமென்ன!" என்று சொல்லிவிட்டு, ஊருக்கு இனிப்புக் கிண்டச் சொல்லச் சமையல்கூடத்துக்குப் போனார்.